ஹோலில மாட்டின குவைத் பெட்டி

றம்ஸியாவப் பத்திக் கதைக்கிறதுக்கு கிண்ணியாவில என்னை விடத் தகுதியான ஆள் இல்ல. ஏனெண்டா அவளைப் பாத்து என்னளவுக்கு வயிறெரிஞ்ச ஆளும் இல்ல. அவள் எத்தின மணிக்கு எழும்பினாள், என்ன உடுத்தாள், ஆர்ட வீட்டுக்குப் போனாள், போன இடத்தில தேத்தண்ணி குடுத்தாங்களா இல்லையா, எல்லாம் எனக்குத் தெரியும். அவள விரும்பின ஆக்களுக்குக் கூட இவ்வளவு தெரியாது. அதால நானே சொல்லுறன், கேளுங்க.

என்ட பேர் ஸாலிஹா. றம்ஸியா என்ட மாப்பிள்ளைட தங்கச்சி. எங்கட பக்கம் கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொம்புள வீட்டுக்கு வந்து இருக்கிற. என்ட மாப்பிள்ளை ஸைனுலாப்தீன் பக்கத்து வளவில இருந்து வேலிக் கடப்பால வந்தவர். உடுப்புப் பெட்டியோட நாலு எட்டு வைச்சு வந்த மாப்பிள்ளை எண்டு சனம் பகிடி பண்ணும். வந்ததெல்லாம் உடம்புதான், மனசு அந்த வளவிலயே நிண்டுட்டு. கூரைக்கு ஓடு மாத்திறதெண்டாலும், மகளப் பள்ளிக்கூடத்தில சேக்கிறதெண்டாலும் வேலியடியில போய் நிண்டு, "தங்கச்சி, நீ என்ன சொல்லுறாய்?" எண்டு கேக்காட்டி அவருக்குச் சோறு இறங்காது. சோறாக்கிறவள்ட்ட ஒரு நாள் கேட்டிருப்பாரா? இல்ல.

அவள்ட கதையும் லேசான கதை இல்ல, அதையும் சொல்ல வேணும். சரீப் எண்டு ஒரு நல்ல மனிசனுக்குத்தான் அவளைக் கட்டிக் குடுத்தது. காட்டில விறகு வெட்டி வண்டியில கொண்டு வந்து விப்பார். தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்ட மாசம் காட்டுக்குப் போனவர் வரல்ல. மூண்டாம் நாள் வண்டி மாடு ரெண்டும் மட்டும் வந்து வாசல்ல நிண்டது. ஆமி சொன்னது தங்களுக்குத் தெரியாதெண்டு, இயக்கமும் அதைத்தான் சொன்னது. மையித்துமில்ல, கபுறுமில்ல. வயித்தில ஒரு புள்ளையும் இல்ல. அவள் நாலு மாசமும் பத்து நாளும் வீட்டுக்குள்ள இத்தா இருந்தாள், எழும்பினாள், மாட்டுக்குத் தண்ணி வச்சாள்.

அந்தக் காலத்திலதான் என்ட மகள் மர்ழியா வேலிக் கடப்பால அங்க போய் வரத் தொடங்கினவள். அப்ப அவளுக்குப் பத்து வயசு. நானும் பாவமெண்டு விட்டன். விட்டது என்ட பிழை. தலை பின்னிறதுக்கு மாமி, பாடம் சொல்லிக் குடுக்க மாமி, பெரிய புள்ளையானதக் கூட முதல் மாமிட்டத்தான் சொன்னாள். என்ட வீட்டில என்ட மகள் "மாமி சொன்னவ" எண்டு தொடங்காம ஒரு கதை கதைச்சது கிடையாது. எனக்கு இருக்கிறது ஒரு புள்ள. அந்த ஒண்டையும் கையால பிடிச்சு இழுக்காம, சும்மா இருந்தே தன்ட பக்கம் எடுத்துட்டாளே எண்டு நான் எத்தின நாள் குசினிக்குள்ள நிண்டு அழுதிருப்பன்.

தொண்ணூத்தஞ்சில றம்ஸியா குவைத்துக்குப் போனாள், வீட்டு வேலைக்கு. அல்ஹம்துலில்லாஹ் எண்டு நான் சொன்னன். நாலு வருசம் நிம்மதியா இருந்தன். அங்க இருந்து மர்ழியாவுக்குக் கடிதம் வரும், எனக்கு சலாம் மட்டும் வரும்.

தொண்ணூத்தொம்பதில திரும்பி வந்தாள். அப்ப கிண்ணியாவுக்குப் பாலம் இல்ல. ஆளும் வாகனமும் மிதவையிலதான் கடக்கிற, அதை நாங்க பாதை எண்டு சொல்லுவம். என்ட மாப்பிள்ளைக்கும் பாதையிலதான் வேலை. துறையடியில நேவிக்காரன் அவள்ட பையக் கொட்டிப் பாத்த நேரம், சவர்க்காரப் பெட்டியளவில வெள்ளையா ஒரு சாமான் விழுந்து கீ கீ எண்டு கத்தியிருக்கு. சுத்தி நிண்ட ஆக்கள் எல்லாரும் நிலத்தில படுத்துட்டாங்க. குண்டில்ல மாத்தயா, குண்டில்ல எண்டு இவள் அழுதும் விடல்ல. பின்னேரம் அஸர் வரைக்கும் காவல் சென்றியில இருத்தி வச்சு, அதைக் கழட்டிப் பாத்து, பற்றறிய எடுத்துக்கிட்டுத்தான் விட்டாங்க, பிறகு அவள் வேற பற்றறி வாங்கிப் போட்டாள்.

குவைத்துக்குப் போன பொம்புளையள் பவுண் கொண்டு வருவாங்க, ரேடியோ கொண்டு வருவாங்க. இவள் இதைக் கொண்டு வந்தாள். நான் உள்ளுக்குள்ள சிரிச்சன். ஆனா அவள் அதுட கதையச் சொல்லத் தொடங்கினாப் பிறகு தெருவே அவள்ட விறாந்தையில வந்து குந்திட்டு.

அங்க அவளோட ஒரே அறையில வெருகல் பக்கத்துத் தமிழ்ப் புள்ள ஒண்டும் இருந்ததாம், கமலேஸ்வரி எண்டு பேர். குளிர் காலத்தில, எசமானி வாசக் கட்டை புகைச்சு மிஞ்சின தணலை ஒரு தட்டில எடுத்து வந்து, கதவச் சாத்தி, கதவுக்குக் கீழ துணியும் திணிச்சிட்டுப் படுத்திருக்காங்க. விடியக்கால சுபஹு நேரம் வீட்டுக் குழந்தைக்குப் பால் கரைக்க றம்ஸியாவக் கூப்பிட்டிருக்கு. தலை வெடிக்கிற மாதிரி இருக்க, சுவரைப் பிடிச்சுக்கொண்டு போய்க் குசினியில வாந்தி எடுத்திருக்காள். திரும்பி வந்து பாத்தா அந்தப் புள்ள நல்லா நித்திரை. முகத்தில ஒரு வாட்டமும் இல்லையாம். எழுப்பினா எழும்பல்ல.

"கரி எரியிற இடத்தில ஒரு காத்து வரும்," எண்டு றம்ஸியா சொல்லுவாள். "அதுக்கு மணமில்ல, நிறமில்ல. புகை எண்டா மேல போகும், கண் எரியும், நமக்குத் தெரியும். இது அப்படிப் போகாது. மத்தக் காத்தோட கலந்து நிக்கும். நித்திரையில இருக்கிற ஆள் நித்திரையிலயே போயிடும்."

அதுக்குப் பிறகு அந்த வீட்டுக்காரன் அறைக்கு ஒண்டா இந்தப் பெட்டிய வாங்கி மாட்டினானாம். அந்தக் காத்து கூடினா இது கத்தும். ஊருக்கு வாற நேரம் எசமானி என்ன வேணுமெண்டு கேட்டதுக்கு இவள் இதைத்தான் கேட்டிருக்காள். ஏனெண்டா எங்கட ஊர்ப் புள்ளப் பெத்த அறையெல்லாம் இவள்ட கண்ணுக்குள்ள வந்திருக்கு.

எங்கட வழக்கம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். புள்ள பெத்தவள நாப்பது நாள் அறையை விட்டு வெளிய விடுறதில்ல. காத்துப் படக் கூடாதெண்டு ஜன்னலச் சாத்தி, கட்டிலடியில தணல் சட்டி வைச்சு, அதில சாம்பிராணி போட்டு உடம்பச் சூடாக்கிற. போதாததுக்கு சண்டைக் காலம். பொழுது சாய முதலே வெளிச்சம் தெரியாம கதவு ஜன்னல் எல்லாத்தையும் அடைச்சிடுவம். மாரி மழை எண்டா பகலிலயும் திறக்கிறதில்ல. தலையிடி, மயக்கம் எண்டு அவளுகள் சொன்னா, பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும் எண்டு விட்டுடுவம்.

றம்ஸியா வீடு வீடாப் போகத் தொடங்கினாள். தணல் சட்டி அறைக்குள்ள வேணாம், வெளிய வையுங்க, ஜன்னல ஒரு சாணாவது திறந்து விடுங்க எண்டு சொல்லுவாள். கேக்கிறவங்க கேப்பாங்க, ஏசுறவங்க ஏசுவாங்க. கேட்டாலும் கேக்காட்டியும் பெட்டிய அந்த அறையில மாட்டிட்டுத்தான் வருவாள். நாப்பது முடிய அடுத்த வீட்டுக்குப் போகும். குவைத் பெட்டி எண்டு அதுக்குப் பேரும் வந்துட்டு.

மாட்டிற விதத்தக் கேளுங்க. நேரா போய்க் கட்டில்ல படுப்பாள், தாய் தலை வைக்கிற இடத்தில தன்ட தலைய வைச்சு. கண்ண மூடுவாள். பிறகு கையை நீட்டி, தலைமாட்டுச் சுவரில தன்ட மூச்சுக்குக் கிட்ட ஒரு இடத்தத் தொட்டு, "இஞ்ச," எண்டுவாள். ஜன்னலோரம் வேணாம், காத்து அடிச்சிட்டுப் போயிடும். சீலைக்குப் பின்னால வேணாம், அலுமாரிக்குள்ள வேணாம். சட்டிக்கு நேர மேல வேணாம், சும்மா சும்மா கத்தும். புள்ளைட மூச்சு எங்கயோ அங்க. "பெட்டி இருக்கு எண்டுட்டு தணலை உள்ள வைக்கிறதில்ல, விளங்கிச்சா?" எண்டு கடைசியா ஒரு அதட்டல். ஊர்ப் பொம்புளையள் வாயப் பொத்திக்கொண்டு நிப்பாங்க. பள்ளித் தலைவர் வீட்டில கூட அவளுக்குக் கதிரை போட்டாங்களாம். எனக்கு அந்தக் கதையக் கேட்ட அண்டைக்கு ராச் சோறு சரிவரல்ல.

ரெண்டாயிரத்தி ஓராம் ஆண்டு, நோன்புப் பெருநாள் முடிஞ்ச மாசம், முந்தின வருசம் கலியாணம் முடிச்ச என்ட மர்ழியாவுக்கு ஆம்புளப் புள்ள பிறந்தது. அந்த முகத்தப் பாத்த நேரம் நான் ஒரு முடிவெடுத்தன். மகள விட்டாச்சு, போகட்டும். இந்தப் பேரனை விட மாட்டன். இவன் என்ட மடியில கிடந்து வளர வேணும், முதல் கதை என்னட்டத்தான் கதைக்க வேணும். றம்ஸியாட வாசலுக்கு இவன் விருந்தாளியாத்தான் போவான். எனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். அதுக்காக நான் என்ன செய்தன் எண்டதத்தான் இப்பச் சொல்லப் போறன்.

ஆசுபத்திரியால வந்த அண்டே றம்ஸியா பெட்டியோட வந்தாள். வழமை மாதிரி மர்ழியாட கட்டில்ல படுத்தாள், தலைமாட்டில ஆணி அடிச்சு மாட்டினாள், தணல் சட்டிய எடுத்துக் குசினியில வைச்சாள், ஜன்னல ஒரு சாண் திறந்தாள். என்ட வீட்டில, என்னட்ட ஒரு வார்த்தை கேக்காம. புள்ள பாக்க வந்த ஆக்களெல்லாம் முதல் சுவரைத்தான் பாத்தாங்க. ஆ, றம்ஸியாட பெட்டி. மர்ழியாவும், ஓம், மாமி மாட்டினது எண்டு சிரிப்பாள். பேரன்ட முகத்துக்கு மேல அவள்ட பேர்தான் நாள் முழுக்கச் சுத்திக்கொண்டு இருந்தது.

நாலாம் நாள் அவள் தம்பலகாமத்துக்கு, ஒருத்தர் செத்த மவுத்து வீட்டுக்குப் போனாள். ரெண்டு நாள் அங்க நிப்பாள் எண்டதும் நான் தணல் சட்டியத் தூக்கி அறைக்குள்ள கொண்டு போனன். நல்ல மழை. ஜன்னலையும் சாத்தினன். அடுத்த நாள் விடியக்காலமே பெட்டி கத்தத் தொடங்கிட்டு. காது கிழியிற சத்தம். பேரன் துடிச்சு எழும்பி வீரிட்டு அழுதான். நான் போய்ப் பெட்டியக் கழட்டினன். கதவத் திறந்து விட்டதும் சத்தம் நிண்டுட்டு.

"உம்மா, கழட்டக் கூடாதெண்டு மாமி சொன்னவ," எண்டாள் மர்ழியா.

அந்தச் சொல்லு இல்லாட்டி நான் திரும்ப அங்கயே மாட்டியிருப்பனோ என்னவோ. "மாமி, மாமி. பெத்தவள் நான் இருக்கன். புள்ளைய நித்திரை கொள்ள விடாத சனியன் இஞ்ச வேணாம்," எண்டு சொல்லி, முன்பக்க ஹோலுக்குக் கொண்டு போய் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில மாட்டினன். அது எச்சரிக்கை பண்ணினது எண்டு எனக்குத் தோணல்லையா எண்டு கேப்பீங்க. தோணினது. தோணினத அமத்திப் போட்டன். றம்ஸியாட சாமான் கத்தினா அது சரியா இருக்கும் எண்டு ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரல்ல.

ஹோலில மாட்டினாப் பிறகு எனக்கு ஒரு பெருமையும் வந்தது. அதில ஒரு பொத்தான் இருக்கு. அமத்தினா, நான் உயிரோட இருக்கன் எண்ட மாதிரி கீ கீ எண்டும். வாற ஆக்களுக்கு நான் அதை அமத்திக் காட்டினன். எல்லாரும் என்ட முகத்தப் பாத்தாங்க. றம்ஸியாட பேர் வரல்ல.

அடுத்த நாள் காலம பத்து மணியிருக்கும். மழை விடல்ல. மர்ழியா உள்ள இருந்து கூப்பிட்டாள். "உம்மா, தலை இடிக்குது. வயித்தப் பெரட்டுது."

"கூதல் பிடிச்சிருக்கு," எண்டு சொல்லி, சட்டியில சிரட்டைக் கரி ரெண்டு கை அள்ளிப் போட்டன். வெளிய வந்து கதவச் சாத்தினன். கதவுக்குக் கீழ பழைய சாரன் ஒண்ட மடிச்சுத் திணிச்சன். இதெல்லாம் இந்தக் கையாலதான் செய்தன்.

கொஞ்ச நேரத்தால படலையடியில குடையோட உம்மு குல்சும் வாறது தெரிஞ்சது. எங்கட தெருவில ஆறாம் வீடு. அவட மகளும் மாசமா இருந்தாள். வாசலுக்கு வர முதலே கேக்கட்டும் எண்டு நான் ஓடிப் போய்ப் பொத்தானை அமத்தினன். அவவுக்குப் பின்னால றம்ஸியா வந்ததை நான் பாக்கல்ல. காலம முதல் பாதையிலயே திரும்பி வந்திருக்காள்.

"அது ஏன் ஹோலில கேக்குது?" எண்டு படலையில நிண்டே கேட்டாள். நான் பதில் சொல்ல வாய் திறக்க முதல் குடைய எறிஞ்சிட்டு என்னைத் தாண்டிப் போனாள்.

கதவத் தள்ளினாள், சாரன் தடுத்தது. தோளால இடிச்சுத் திறந்தாள். தணல் சட்டிய வெறுங் கையால தூக்கிக்கொண்டு ஓடி முத்தத்து மழைக்குள்ள வீசினாள். ஜன்னல் கொக்கி வரல்ல எண்டு விறகால அடிச்சு உடைச்சாள். மர்ழியா கண்ணை மூடிக் கிடந்தாள், கூப்பிட்டா முனகல் மட்டும். தொட்டில்ல புள்ள துவண்டு போய்க் கிடந்தான். நான் நடு அறையில நிண்டுகொண்டிருந்தன். "மதினி, புள்ளையத் தூக்குங்க. காத்துக்குக் கொண்டு போங்க," எண்டு அவள் சொன்னாப் பிறகுதான் தூக்கினன். விறாந்தையில, மழைச் சாரலில, அவனை மடியில போட்டுக்கொண்டு முதுகத் தடவித் தடவி இருந்தன். எவ்வளவு நேரம் எண்டு தெரியா. ஒரு விக்கல் வந்தது. பிறகு அழுதான். நான் அவனை விடப் பெரிசா அழுதன்.

மருமகன் ட்ராக்டர் கொண்டு வந்தார், ஆசுபத்திரிக்கு ஏத்தினம். ரெண்டு பேருக்கும் ஒட்சிசன் பிடிச்சாங்க. பின்னேரம் மர்ழியா கண்ணைத் திறந்து நல்லாப் பாத்தாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் றம்ஸியா, கை ரெண்டிலயும் வெள்ளைச் சீலை சுத்தி. "மாமி," எண்டாள் மர்ழியா. என்ட புள்ள உயிர் தப்பின நேரம். அந்த நேரத்திலயும் எனக்கு நெஞ்சுக்குள்ள சுருக்கெண்டது. இப்படியும் ஒரு தாயா எண்டு நீங்க நினைச்சா நினையுங்க.

வெளிய நடையில வைச்சு றம்ஸியா மெதுவாக் கேட்டாள். "நீங்கதானே பொத்தானை அமத்தினீங்க?"

நான் ஓமெண்டு தலையாட்டினன்.

அதுக்குள்ள சம்பந்தி நபீஸா வந்துட்டா, மருமகன்ட தாய். "என்ட மகன்ட புள்ளைய ஆர் தணலோட அறைக்குள்ள பூட்டினது?" எண்டு கத்தினா. அப்ப எங்களோட வந்திருந்த உம்மு குல்சும் முன்னுக்கு வந்தா. "ஸாலிஹாவ ஏசாதீங்க. நான் என்ட காதால கேட்டன். பெட்டி அடிச்சது, அவ அதுக்குக் கீழ பதறிப் போய் நிண்டா. அந்தச் சத்தத்திலதான் றம்ஸியா ஓடினது."

நபீஸா றம்ஸியாவப் பாத்தா. றம்ஸியா என்னைப் பாத்தாள். "ஓம்," எண்டாள். "மதினிக்குத்தான் முதல் கேட்டது."

அப்படி என்னை மூடி விட்டாள். நான் அதுக்கு நன்றியா இருந்தனா? இல்ல. வெந்த கையோட பொய்யும் சொல்லி, அதிலயும் என்னை விட உசந்து நிண்டுட்டாளே எண்டு இன்னும் எரிஞ்சன்.

ஆனா ஒரு கிழமை நான் ராணி மாதிரி இருந்தன். ஸாலிஹாட காது நல்ல காது, ஸாலிஹா கெட்டிக்காரி. ஹோலில மாட்டின மூளைதான் புள்ளையக் காப்பாத்தினது, அறைக்குள்ள இருந்திருந்தா ஆருக்குக் கேட்டிருக்கும்? இப்படிக் கதை. மர்ழியாவுக்கு அண்டைக்குக் காலம நடந்தது ஒண்டும் ஞாபகமில்ல. அவள் கூட என்ட கையைப் பிடிச்சு, "நீங்க கழட்டினது நல்லதாப் போச்சு உம்மா," எண்டாள். அவள் என்னைப் பாத்து அப்படிச் சிரிச்சு எத்தினையோ வருசம். நான் வாய மூடிக்கொண்டு அந்தச் சிரிப்பை வாங்கி வைச்சுக்கொண்டன்.

பேரன் பிறந்து பத்தொன்பதாம் நாள் உம்மு குல்சும்ட மகளுக்குப் புள்ள பிறந்தது. எங்கட வீட்டில இனித் தணலே இல்ல எண்டபடியா பெட்டி அங்க போனது. போன அண்டு பின்னேரம் றம்ஸியா என்ட குசினிக்கு வந்து, பலகையில இருந்தாள். சுத்தின கையை மடியில வைச்சுக்கொண்டு சொன்னாள்.

"அவ கேக்கிறா இல்ல, மதினி."

"எதை?"

"பெட்டிய ஹோலில மாட்டியிருக்கிறா, டீவிக்கு மேல. அறைக்குள்ள மாட்டுங்க எண்டன். ஸாலிஹா வீட்டில ஹோலில இருந்துதானே அடிச்சது, நான் கேட்டனே, நீயும்தானே ஓம் எண்டாய் எண்டு சொல்லுறா. தணலை வெளிய எடுங்க எண்டா, அதுதான் பெட்டி இருக்கே எண்டுறா."

றம்ஸியாட கதைய ஒருத்தி கேக்கல்ல, என்ட கதைய நம்புறா. அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளு எண்டு இருந்தது. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, இருந்தது. உண்மையச் சொல்லுங்க எண்டு அவள் என்னட்டக் கேக்கவும் இல்ல. அப்படியே எழும்பிப் போயிட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் லுஹருக்குப் பிறகு நானும் புள்ள பாக்கப் போனன். ஹோல் நிறையப் பொம்புளையள், நபீஸாவும் இருந்தா. எனக்குத்தான் நல்ல கதிரை போட்டாங்க. டீவிக்கு மேல, பிளாஸ்ரிக் பூவுக்குப் பக்கத்தில பெட்டி. உம்மு குல்சும் எட்டிப் பொத்தானை அமத்தினா, கீ கீ எண்டது. எல்லாரும் சிரிச்சாங்க. "பாத்தீங்களா ஸாலிஹா, உங்கட வீட்டில மாதிரியே," எண்டா.

அறைக் கதவு சாத்திக் கிடந்தது. கதவுக்குக் கீழ சாக்கு. உள்ள இருந்து உம்மு குல்சும்ட மகள்ட குரல் வந்தது. "உம்மா, தலை இடிக்குது."

உம்மு குல்சும் இருந்த இடத்திலயே சொன்னா, "பச்ச உடம்பு மகள், அப்படித்தான். கொஞ்சம் கரி போடுறன்."

நான் எழும்பிட்டன். தேத்தண்ணிக் கோப்பை கையால விழுந்தது. போய்ச் சாக்கைக் காலால தள்ளிக் கதவத் திறந்தன், தணல் சட்டிய அங்க கிடந்த துணியால பிடிச்சு வெளிய எடுத்து வைச்சன், ஜன்னலத் திறந்தன். திரும்பி வந்து பாத்தா எல்லாரும் என்னைப் பைத்தியத்தப் பாக்கிற மாதிரிப் பாத்துக்கொண்டு இருந்தாங்க.

"என்ட வீட்டில அது அடிக்கல்ல," எண்டன். "நான் பொத்தானை அமத்தினன். நீங்க வாறதக் கண்டு, காட்டிறதுக்காக அமத்தினன். அது அறைக்குள்ள இருந்த நேரம்தான் உண்மையா அடிச்சது. அடிச்சது பிடிக்காம நான் கழட்டி ஹோலில மாட்டினன், றம்ஸியாட சாமான் என்ட பேரன்ட தலைக்கு மேல இருக்கிறதப் பாக்க ஏலாம. தணலை உள்ள வைச்சவளும் நான்தான். மர்ழியா தலை இடிக்குது எண்டு சொன்ன நேரம் கரி போட்டவளும் நான்தான். றம்ஸியா எனக்காகப் பொய் சொன்னாள்."

நபீஸா எழும்பி, செருப்பப் போட்டுக்கொண்டு, நேரா எங்கட வீட்டுப் பக்கம் நடந்தா. எங்க போறா எண்டு எனக்குத் தெரியும். நான் பின்னால ஓடல்ல. உம்மு குல்சும் மட்டும் பெட்டியக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு, "அப்ப இதை எங்க மாட்டுற?" எண்டு என்னைக் கேட்டா. நான் சொன்னன். ஆணிய நானே அடிச்சுக் குடுத்தன்.

வீட்டுக்கு வந்த நேரம் மர்ழியா கட்டில்ல நிமிர்ந்து இருந்தாள். நபீஸா பக்கத்தில. மர்ழியா அழல்ல. "நான் தலை இடிக்குது எண்டு சொன்ன நேரம் நீங்க கரி போட்டீங்களா உம்மா?" எண்டு மட்டும் கேட்டாள்.

"ஓம்."

மர்ழியா புள்ளையச் சீலையால சுத்தினாள். நாப்பது முடியல்ல, வெளிய இறங்கக் கூடாது எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. அவள் என்னைத் தாண்டி, பின் வாசலால இறங்கி, வேலிக் கடப்புக்குப் போனாள். அங்க றம்ஸியா நிண்டாள். கையில இன்னும் சீலை. விரல் மடக்க ஏலாது எண்டு, ரெண்டு கையையும் நீட்டி முழங்கையடியில தாங்கி என்ட பேரனை வாங்கினாள். எனக்கு எரிஞ்சது. அந்த எரிச்சல் இண்டைக்கும் அணையல்ல.

நான் உள்ள போய்ச் சீலைத் தொட்டிலை அவிட்டன். கயிறு இறுகிப் போய் இருந்தது, பல்லால கடிச்சு அவிட்டன். சுருட்டித் தோளில போட்டுக்கொண்டு வேலியடிக்குப் போய் நீட்டினன். றம்ஸியா தோளைக் குடுத்து வாங்கினாள். போகப் போனவள் திரும்பி நிண்டாள்.

"எங்க கட்டுற, மதினி?"

"ஜன்னலுக்குக் கிட்டக் கட்டு," எண்டன்.